கிளிக்குக் கொடுக்கும் காசு கட்டுப்படியாகுமா? வேலூரில் கூகுள் விளம்பரம் தொடங்கும் முன் போட்டியைக் கணிக்கும் வழி

வேலூர், காட்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் சிறுதொழில் செய்பவர்கள் கூகுள் விளம்பரத்தில் பணம் விடுவது பெரும்பாலும் ஆரம்பத்திலேயே நடந்துவிடுகிறது. எதிரில் யார் நிற்கிறார்கள், ஒரு கிளிக்குக்கு அவர்களால் எவ்வளவு கொடுக்க முடியும் என்று பார்க்காமலே கார்டு எண்ணைப் போட்டுவிடுகிறார்கள். ஒரு வாரத்தில் பணம் தீர்ந்து, போன் மட்டும் வராமல் இருக்கும்போது "கூகுள் நம்ம ஊருக்குச் சரிப்படாது" என்ற முடிவுக்கு வருகிறார்கள். சரிப்படும் தொழிலும் உண்டு, சரிப்படாத தொழிலும் உண்டு. எது எது என்று பணம் கட்டும் முன்பே ஓரளவு தெரிந்துகொள்ள முடியும்.

இதற்கு ஒரு கூகுள் விளம்பரக் கணக்கு, ஒரு எக்செல் தாள் அல்லது நோட்டு, தினமும் அரை மணி நேரம் என்று இரண்டு வாரம் வேண்டும். கடைசியில் வரும் சோதனை ஓட்டம் வரை விளம்பரச் செலவு இல்லை.

1. முதலில் உங்கள் உச்சத் தொகையைக் கண்டுபிடியுங்கள்

கூகுள் ஒவ்வொரு தேடலிலும் விளம்பர இடத்தை ஏலம் விடுகிறது, யாராவது உங்கள் விளம்பரத்தைத் தொட்டால் அந்த ஒவ்வொரு கிளிக்குக்கும் நீங்கள் பணம் கட்டுகிறீர்கள். அதனால் போட்டியாளரைப் பார்க்கும் முன் உங்கள் பையைப் பாருங்கள். ஒரு கிளிக்குக்கு நீங்கள் அதிகபட்சம் எவ்வளவு கொடுக்கலாம் என்ற எண் கையில் இல்லாவிட்டால், மற்றவர் கொடுக்கும் தொகை அதிகமா குறைவா என்று சொல்லவே முடியாது.

கணக்கு இப்படி: ஒரு வாடிக்கையாளரிடம் செலவு போக நிற்கும் தொகை × 100 கிளிக்கில் வரும் வாடிக்கையாளர்கள் ÷ 100. இது லாபமும் இல்லாமல் நஷ்டமும் இல்லாமல் நிற்கும் புள்ளி. அதில் பாதியை உங்களுக்கு வைத்துக்கொண்டு மீதியை 1.18-ஆல் வகுத்தால் உச்சத் தொகை வரும். 1.18 என்பது 18 சதவீத ஜிஎஸ்டி.

கீழே வரும் எண்கள் கணக்கைப் புரிந்துகொள்ள வைத்துக்கொண்டவை. உங்கள் பில் புத்தகத்திலிருந்து சொந்த எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஏசி சர்வீஸ்: ஒரு வேலைக்கு 700 ரூபாய். மெக்கானிக் கூலி, பெட்ரோல் போக 350 நிற்கும். 100 கிளிக்கில் 12 போன், அதில் 5 வேலை. 350 × 5 = 1,750. கிளிக்குக்கு 17.50, அதில் பாதி 8.75, ஜிஎஸ்டி கழித்தால் 7 ரூபாய் சொச்சம்.

சிஎம்சி அருகே லாட்ஜ்: நாளுக்கு 800 ரூபாய், நோயாளியும் அட்டெண்டரும் 8 நாள் தங்குகிறார்கள் என்றால் 6,400. செலவு போக 40 சதவீதம், அதாவது 2,560 நிற்கும். 100 கிளிக்கில் 2 அறை. 5,120-ஐ 100-ஆல் வகுத்தால் 51.20, பாதி 25.60, ஜிஎஸ்டி போக 21 ரூபாய் சொச்சம்.

இப்போது அதே அறையை ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்கு வந்த குடும்பம் ஒரே இரவுக்கு எடுக்கிறது என்று வையுங்கள். நிற்பது 320. அதே வழியில் கணக்கிட்டால் உச்சத் தொகை 3 ரூபாய்கூட இல்லை. அறையும் அதேதான், "வேலூர் லாட்ஜ்" என்று தேடிய சொல்லும் அதேதான். தேடியவர் யார் என்பதால் தொகை எட்டு மடங்கு மாறுகிறது. உங்கள் போட்டியாளர் 8 நாள் தங்கும் ஆளை மட்டும் பிடிக்கும்படி விளம்பரம் எழுதியிருந்து, நீங்கள் எல்லோரையும் பிடிக்கப் பார்த்தால், அதே ஏலத்தில் அவருக்குக் கட்டும், உங்களுக்குக் கட்டாது.

2. தேடுபவர் எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறார்?

போட்டியாளர் யார் என்பதை இதுதான் தீர்மானிக்கிறது. நம் பகுதித் தொழில்கள் மூன்று விதமாகப் பிரியும்.

ஏசி, வாஷிங் மெஷின், ஆர்ஓ சர்வீஸ், டியூஷன் போன்றவற்றுக்குத் தேடுபவர் சத்துவாச்சாரியிலோ காட்பாடியிலோ இருக்கிறார். போட்டி உள்ளூர்க் கடைகளும் ஊர் ஊராகப் பட்டியலிடும் ஜஸ்ட்டயல் போன்ற தளங்களும்.

சிஎம்சி லாட்ஜ், காட்பாடி ஸ்டேஷன் டாக்ஸி போன்றவற்றுக்குத் தேடுபவர் கொல்கத்தாவிலோ ராஞ்சியிலோ குவாஹாட்டியிலோ இருக்கிறார். அங்கே எதிரில் நிற்பது பாபு ராவ் தெரு லாட்ஜ் மட்டுமில்லை, நாடு முழுக்க அறை விற்கும் மேக்மைட்ரிப், கோஐபிபோ, ஓயோ, அகோடா போன்ற பெரிய தளங்களும். பங்களாதேஷிலிருந்து தேடுபவர்களை இந்தியக் கணக்கோடு கலக்காமல் தனி நாடாகப் பாருங்கள். விசா நிலையைப் பொறுத்து அந்த எண்ணிக்கை ஏறும், இறங்கும்.

ஆம்பூர், வாணியம்பாடி ஷூ, தோல் பொருள் மொத்த வியாபாரத்தில் தேடுபவர் இந்தியாவில் எங்கும் இருக்கலாம். இந்தியாமார்ட் போன்ற மொத்த வியாபாரத் தளங்கள் குறுக்கே நிற்கும்.

இனி வரும் ஒவ்வொரு படியிலும் இருப்பிடத்தைத் தேடுபவரின் ஊருக்கு மாற்றிவிட்டுப் பாருங்கள். லாட்ஜ்காரர் வேலூரை வைத்துப் பார்த்தால் போட்டியே இல்லாததுபோலத் தெரியும். கொல்கத்தாவை வைத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

3. தேடுசொற்களைச் சேருங்கள்

போனில் வாடிக்கையாளர்கள் முதலில் என்ன கேட்கிறார்கள் என்று ஒரு வாரம் எழுதி வையுங்கள். பிறகு கூகுளில் சொல்லைப் பாதி அடித்து, கீழே விழும் பரிந்துரைகளைக் குறியுங்கள். எழுத்துக்கூட்டலிலும் கவனம் வேண்டும். குடியாத்தத்தை ஆங்கில எழுத்தில் பல விதமாக அடிக்கிறார்கள். தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பவர்களும் உண்டு. லாட்ஜ் தொழிலுக்கு வங்காளி, இந்தி எழுத்தில் உள்ள சொற்களையும் சேருங்கள். உங்கள் விடுதியில் தங்கியிருப்பவரிடமே கேட்டால் சரியாக எழுதித் தருவார்.

30 முதல் 50 சொற்கள் போதும். ஒவ்வொன்றின் எதிரிலும் வாங்க வந்தவரா, விவரம் கேட்க வந்தவரா என்று குறியுங்கள். "சிஎம்சி அப்பாயின்ட்மென்ட்" என்று தேடுபவருக்கு இன்னும் அறை தேவைப்படவில்லை. "விஐடி ஹாஸ்டல் கட்டணம்" என்று தேடும் பெற்றோர் கல்லூரியின் சொந்த விடுதியைத்தான் கேட்கிறார்கள். "ஆம்பூர் ஷூ கம்பெனி" என்பதில் வேலை தேடுபவர்களும் கலந்திருப்பார்கள். "வேலை", "சம்பளம்", "இலவசம்", "கோர்ஸ்" போன்றவை விலக்குச் சொற்கள் (இவை உள்ள தேடலில் உங்கள் விளம்பரம் வராது) பட்டியலுக்குப் போகட்டும். சிஎம்சிக்கு ராணிப்பேட்டையிலும் வளாகம் இருப்பதால் அங்கே போகிறவர் அங்கேதான் அறை தேடுவார். வேலூர் நகருக்குள் லாட்ஜ் வைத்திருப்பவர் "ராணிப்பேட்டை"யையும் விலக்க வேண்டியிருக்கும்.

4. கீவேர்ட் பிளானரைப் படிக்கும் விதம்

கணக்குத் திறக்கும்போதே கூகுள் ஒரு விளம்பரத்தை ஓடவிடச் சொல்லி நெருக்கும். விளம்பரம் இல்லாமல் கணக்கை மட்டும் தொடங்கும் வழி திரையில் சின்ன எழுத்தில் இருக்கும், அதைத் தேடுங்கள். பேமென்ட் விவரம் கொடுக்காமல் நகரவில்லை என்றால், கொடுத்து முடித்த கையோடு அந்த விளம்பரத்தை நிறுத்திவையுங்கள். நாணயம் இந்திய ரூபாயாக இருக்கிறதா என்று அப்போதே பாருங்கள், பிறகு மாற்ற முடியாது.

கணக்குக்குள் இருக்கும் கீவேர்ட் பிளானர் என்ற தேடுசொல் கருவியில் சொற்களை ஒட்டி, இருப்பிடத்தையும் மொழியையும் மாற்றியதும் நான்கு எண்களைப் பாருங்கள்: மாதத் தேடல், போட்டி, பக்க உச்சி ஏலத்தொகையின் கீழ் எல்லை, மேல் எல்லை.

"போட்டி: அதிகம்" என்று பார்த்துப் பயப்படுபவர்களும், "குறைவு" என்று பார்த்துப் பாய்பவர்களும் நிறைய. அந்தக் கட்டம் சொல்வது, அந்தச் சொல்லுக்கு எத்தனை பேர் விளம்பரம் செய்கிறார்கள் என்ற ஒப்பீடு மட்டும்தான். எவ்வளவு விலை கொடுக்கிறார்கள் என்பது அதில் இல்லை. உங்களுக்கு வேண்டியது ஏலத்தொகையின் இரண்டு எல்லைகள். விளம்பரம் பக்க உச்சியில் வர மற்றவர்கள் இதுவரை கொடுத்ததில் குறைந்த பக்கமும் கூடிய பக்கமும் அவை. முதல் படியில் கிடைத்த உச்சத் தொகையை இவற்றோடு ஒட்டிப் பாருங்கள்.

உங்கள் தொகை கீழ் எல்லைக்கும் கீழே என்றால் அந்தச் சொல்லை விடுங்கள். இரண்டுக்கும் நடுவில் என்றால் சொல்லைக் குறுக்குங்கள்: "வேலூர் லாட்ஜ்" வேண்டாம், "சிஎம்சி அருகே சமையலறையோடு அறை" என்று போங்கள். மேல் எல்லையையும் தாண்டினால் தாராளமாக இறங்கலாம். ஆனால் மற்றவர்கள் ஏன் அவ்வளவு கொடுக்கவில்லை என்று ஒருமுறை யோசியுங்கள். 100 கிளிக்குக்கு இத்தனை பேர் வருவார்கள் என்ற உங்கள் கணிப்பு தாராளமாகிப்போயிருக்கலாம்.

செலவு செய்யாத கணக்குக்கு மாதத் தேடல் 10 முதல் 100, 100 முதல் 1,000 என்று அகலமான வரம்பாகத்தான் காட்டும். ஊரைக் குறுக்கக் குறுக்க எண்கள் காலியாகும். அப்போது தமிழ்நாட்டுக்கு விரித்து ஏலத்தொகையைப் பாருங்கள், தேடல் எண்ணிக்கையை மட்டும் வேலூருக்கு வைத்துப் பாருங்கள். இந்தியா முழுமைக்குமான தேடல் எண்ணிக்கையை வைத்து உள்ளூர் சர்வீஸ் தொழிலுக்குத் திட்டம் போடாதீர்கள். தேடலே மிகக் குறைந்த சொல்லைக் கூகுள் "குறைந்த தேடல்" என்று குறித்து ஓடவே விடாது, அதனால் அளவுக்கு மீறிக் குறுக்குவதும் பயன்படாது.

5. முடிவுப் பக்கத்தைக் காவல் காருங்கள்

உங்கள் போனிலேயே திரும்பத் திரும்பத் தேடினால், கூகுள் உங்கள் பழக்கத்தை வைத்து முடிவை மாற்றும், உங்கள் ஊரை மட்டுமே காட்டும். கணக்குக்குள் விளம்பர முன்னோட்டம் என்ற கருவி இருக்கிறது. அதில் ஊர், மொழி, சாதனம் தேர்ந்து தேடினால் கொல்கத்தாக்காரர் மொபைலில் பார்ப்பதைக் காட்பாடியிலிருந்தே பார்க்கலாம். விளம்பரம் காட்டப்பட்ட எண்ணிக்கையும் அதில் ஏறாது.

முக்கியமான 10 சொற்களை எடுத்து காலை 8, மதியம் 1, இரவு 9 என்று ஒரு வாரம் பாருங்கள். ஞாயிறும் சேரட்டும். நாள், நேரம், சொல், விளம்பரதாரர், எத்தனையாவது இடம், தலைப்பில் என்ன சொல்கிறார், விலை போட்டிருக்கிறாரா, போன் எண் உண்டா என்று தாளில் ஏற்றுங்கள். பக்க உச்சியில் அதிகபட்சம் நான்கு விளம்பரம் வரும். வாரம் முழுக்க மூன்று வேளையும் நிற்பவர்தான் உங்கள் உண்மையான போட்டியாளர். காலையில் மட்டும் தெரிந்து இரவில் காணாமல் போகிறவருக்கு நேரக் கட்டுப்பாடு இருக்கலாம், அல்லது அன்றைய பணம் தீர்ந்திருக்கலாம். அந்த வேளை உங்களுக்கு மலிவாகக் கிடைக்க வாய்ப்புண்டு.

போட்டியாளரின் விளம்பரத்தைக் கிளிக் செய்து பார்க்காதீர்கள். ஒவ்வொரு கிளிக்கும் இன்னொரு சிறு வியாபாரியின் பணம். தள முகவரியைப் படித்து நேரடியாக அடித்துப் போங்கள்.

விளம்பரத்துக்குக் கீழே வரைபடத்தோடு வரும் மூன்று கடைகளையும் குறியுங்கள். 300, 400 மதிப்புரையோடு ஒரு ஏசி கடை அங்கே இருந்தால், விளம்பரம் தராமலே அவர் போனை வாங்கிக்கொள்வார். வரைபடத்தில் உங்கள் கடையைக் காட்டும் கூகுள் பிசினஸ் புரொஃபைல் இன்னும் அரைகுறையாக இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள், அது இலவசம்.

6. அவர்களுடைய பழைய விளம்பரங்களைத் தோண்டுங்கள்

கூகுளின் விளம்பர வெளிப்படைத்தன்மை மையம் 2023 முதல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. நாட்டை இந்தியா என்று வைத்து, போட்டியாளரின் தள முகவரியைப் போட்டுத் தேடுங்கள். கடைப் பெயரைப் போட்டால் பல நேரம் வராது, ஏனென்றால் அங்கே பதிவாகியிருப்பது சட்டப்படி சரிபார்க்கப்பட்ட பெயர். லாட்ஜின் பெயர் ஒன்றாகவும், உரிமையாளர் அல்லது விளம்பர ஏஜென்சியின் பெயர் வேறாகவும் இருக்கும். தேடல் முடிவில் விளம்பரத்தின் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டாலும் அந்தப் பெயர் தெரியும்.

ஒரே வாசகம் மாதக்கணக்கில் ஓடினால் அது அவருக்குக் காசு கொண்டுவருகிறது என்று பெரும்பாலும் நம்பலாம். வாரம் ஒரு வாசகம் மாறினால் அவரும் தடவிக்கொண்டிருக்கிறார். சாதாரண வியாபார விளம்பரத்துக்கு இந்த மையம் செலவுத் தொகையையும் தேடுசொல்லையும் காட்டாது. பேஸ்புக், இன்ஸ்டாகிராமுக்கு மெட்டாவின் விளம்பர நூலகத்தில் தொடங்கிய தேதியோடு பார்க்கலாம்.

செம்ரஷ், ஸ்பைஃபு போன்ற கட்டணக் கருவிகள் மாதிரி எடுத்துக் கணிப்பவை. குடியாத்தம் அளவுள்ள ஊரின் சொற்களில் அவை தரும் எண்ணை நம்பி முடிவெடுக்க வேண்டாம், சந்தாவும் டாலரில். இந்த வேலைக்கு அவை தேவையில்லை.

7. பக்கத்தையும் போனையும் சோதியுங்கள்

முதல் மூன்று போட்டியாளர்களின் பக்கத்தை மொபைலில் திறந்து பாருங்கள். விலை தெரிகிறதா, ஆஸ்பத்திரி வாசலிலிருந்து எத்தனை நிமிட நடை என்று போட்டிருக்கிறதா, லிஃப்ட், சமையலறை, வாட்ஸப் உண்டா? ஒருமுறை போன் செய்து விலை கேளுங்கள், அது நியாயமான விசாரிப்பு. பொய்யாக அறை பதிவு செய்து அவருடைய வியாபாரத்தைக் கெடுக்கக் கூடாது.

பெரிய தளங்களை ஏலத்தொகையால் சிறு லாட்ஜ் வெல்வது கடினம். ஆனால் ஏலத்தில் தொகை மட்டும் பேசுவதில்லை. தேடிய சொல்லோடு விளம்பரமும் பக்கமும் எவ்வளவு ஒட்டுகிறது என்பதையும் கூகுள் எடைபோடுகிறது, நன்றாக ஒட்டினால் அதே இடம் குறைந்த விலைக்குக் கிடைக்கும். பெரிய தளத்தின் பக்கம் வேலூரின் எல்லா ஹோட்டலையும் பட்டியலிடும். சக்கர நாற்காலி போகும் வழி, மாத வாடகை, வங்காளி பேசும் ஆள் என்று ஒரே பக்கத்தில் சொல்ல அதனால் முடியாது. அந்த இடைவெளியைத் தாளில் தனியாக எழுதுங்கள். உங்கள் விளம்பரத் தலைப்பு அங்கிருந்துதான் வரும்.

ஒரு எச்சரிக்கை: சிஎம்சியோடோ விஐடியோடோ தொடர்புள்ளதுபோலத் தோன்றும் பெயரும் வாசகமும் வேண்டாம். "சிஎம்சி அருகே" என்பது இடத்தைச் சொல்வது. "சிஎம்சி கெஸ்ட் ஹவுஸ்" என்பது ஏமாற்றுவது, விளம்பரக் கணக்கே முடக்கப்படலாம். போட்டியாளரின் பதிவுபெற்ற பெயரைத் தேடுசொல்லாக வைப்பதும் சிக்கலில் முடியலாம். அப்படி வைப்பது வணிகக் குறியைப் பயன்படுத்துவதாகும் என்றும், வாடிக்கையாளர் குழம்பினால்தான் மீறலாகும் என்றும் டெல்லி உயர் நீதிமன்றம் 2023-ல் சொன்னது. சிறு தொழிலுக்கு அந்த வழக்குச் செலவு தாங்காது.

8. ஆவணம், வரி, பணம்

விளம்பரதாரர் சரிபார்ப்புக்குக் கூகுள் ஆவணம் கேட்கும். தொழில் பெயரில் என்றால் பான், ஜிஎஸ்டி சான்றிதழ் போன்றவற்றையும், தனிநபர் என்றால் அரசு அடையாள அட்டையையும் முன்பே ஸ்கேன் செய்து வையுங்கள். பேமென்ட் விவரத்தில் உள்ள பெயரும் ஆவணப் பெயரும் ஓர் எழுத்துகூட மாறாமல் இருக்கட்டும். கடைப் பெயரை ஒன்றிலும் உரிமையாளர் பெயரை இன்னொன்றிலும் போட்டால் சரிபார்ப்பு நிராகரிக்கப்படலாம்.

முன்பணம் ஏற்றும் முறையில் 1,000 ரூபாய் கட்டினால் ஜிஎஸ்டி போக 847 ரூபாய்தான் விளம்பரத்துக்குச் சேரும். ஜிஎஸ்டி பதிவுள்ள ஏசி சர்வீஸ்காரர் தன் எண்ணைக் கணக்கில் ஏற்றி அந்த வரியை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்கலாம். அவர் 1.18-ஆல் வகுக்க வேண்டியதில்லை. லாட்ஜுக்கு அப்படியில்லை: நாளுக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீத வரி, உள்ளீட்டு வரிச் சலுகை கிடையாது. ஆகவே 18 சதவீதமும் செலவுதான்.

ஒரு நாள் பட்ஜெட் 200 என்று வைத்தால் ஏதோ ஒரு நாளில் 400 வரை போகலாம். மாதத்துக்கு 200 × 30.4 என்ற எல்லையைத் தாண்டாது. ஏஜென்சியிடம் கொடுப்பதானால் கணக்கு உங்கள் மின்னஞ்சலில் இருக்கட்டும், அவர்களுக்கு அனுமதி மட்டும் கொடுங்கள். அவர்கள் கணக்கிலேயே ஓடினால், பிரியும்போது நீங்கள் காசு கொடுத்துச் சேர்த்த தகவல் முழுக்க அவர்களிடமே தங்கிவிடும்.

9. பருவத்தைப் பார்த்துச் சோதனை ஓட்டம்

கூகுள் டிரெண்ட்ஸில் உங்கள் சொல்லை ஐந்தாண்டுக்கு வைத்துப் பாருங்கள். வேலூர் வெயிலுக்கு ஏசி சர்வீஸ் மார்ச் முதல் ஜூன் வரை கொதிக்கும், ஏலத்தொகையும் அப்போது ஏறும். பள்ளி ஷூ மொத்த வியாபாரம் ஜூன் பள்ளித் திறப்புக்கு முன்பே முடிந்துவிடும். டிசம்பரில் பார்த்த ஏசி ஏலத்தொகையை வைத்து ஏப்ரலுக்குத் திட்டமிட்டால் கணக்கு இடிக்கும்.

சோதனைக்கு ஐந்தாறு சொற்கள் போதும், துல்லியப் பொருத்தமும் (அதே பொருளில் தேடினால் மட்டும் வருவது) சொற்றொடர்ப் பொருத்தமும் (அந்தச் சொற்றொடரின் பொருள் அடங்கிய தேடலில் வருவது) மட்டும். டிஸ்பிளே நெட்வொர்க் (பிற தளங்களில் விளம்பரம்), தேடல் கூட்டாளர்கள் (கூகுள் தேடலுக்கு வெளியே உள்ள தேடல் பக்கங்கள்) என்ற இரண்டு டிக்கையும் எடுத்துவிடுங்கள். இருப்பிட அமைப்பில் "அங்கே இருப்பவர்கள்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். இயல்பாக இருப்பது "அந்த ஊரில் ஆர்வம் உள்ளவர்களும்" சேர்ந்தது, ஏசி சர்வீஸ்காரர் அதை விட்டுவைத்தால் வெளியூர்க் கிளிக்குகள் வரும். லாட்ஜ்காரர் வேலூரைத் தேராமல் மேற்கு வங்கம், ஜார்கண்ட், அசாம் என்று மாநிலமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஏலத்துக்கு உங்கள் உச்சத் தொகையை வரம்பாகப் போடுங்கள்.

ஏசிக்கு 100 கிளிக் × 7 ரூபாய் என்றால் ஜிஎஸ்டியோடு 826. லாட்ஜுக்கு 100 போதாது, 100-க்கு 2 எதிர்பார்க்கும் இடத்தில் தற்செயலாகவே ஒன்றும் வராமல் போகலாம். 200 கிளிக் × 21 ரூபாய், ஜிஎஸ்டியோடு 4,956. உள்ளூர்ச் சொற்களில் இந்தக் கிளிக் சேரவே ஒரு மாதம் ஆகலாம், நடுவில் அமைப்பை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள்.

ஓட்டம் முடிந்ததும் தேடிய சொற்கள் அறிக்கையில் தேவையற்றவற்றை விலக்குங்கள். ஏல ஒப்பீட்டு அறிக்கையில் உங்களோடு யார் யார் எத்தனை முறை மோதினார்கள், எத்தனை முறை உங்களுக்கு மேலே நின்றார்கள் என்று வரும். காட்சி குறைந்தால் காரணம் பட்ஜெட்டா தரவரிசையா என்று பிரித்துப் பாருங்கள். பட்ஜெட் என்றால், வேலை கட்டுப்படியாகும் வரை பணத்தைக் கூட்டலாம். தரவரிசை என்றால் பணத்தைக் கூட்டும் முன் பக்கத்தையும் வாசகத்தையும் திருத்துங்கள். இரண்டையும் திருத்திய பிறகும் ஒரு வாடிக்கையாளருக்கான செலவு, அவரிடம் நிற்கும் தொகையில் பாதியைத் தாண்டினால் அந்தச் சொல்லை நிறுத்திவிடுங்கள். அந்தப் பணத்தை அடுத்த சொல்லுக்குக் கொடுங்கள். நிறுத்திய சொல்லைத் தாளில் தேதியோடு வைத்து, அடுத்த பருவம் தொடங்கும் முன் அதன் ஏலத்தொகையை மறுபடி பாருங்கள்.